வாயில்லாப் பூச்சி

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எங்களுக்கு ஒரு பிரேம் கடை இருக்கிறது. சாமி படம், கல்யாணப் படம், இறந்தவர்கள் படம். இந்த மூன்றும்தான் எங்கள் பிழைப்பு. என் கணவர் மரம் அறுப்பார், கண்ணாடி வெட்டுவார், ஆணி அடிப்பார். நான் வருகிறவர்களிடம் பேசுவேன், படங்களைக் கம்ப்யூட்டரில் சரி செய்து பிரிண்ட் போடக் கொடுப்பேன்.

கொரோனா வருஷங்களில் மூன்றாவது வகை மட்டும்தான் வந்தது. போனில் ஒரு குடும்பப் படத்தை அனுப்பி, அதில் சிரித்துக்கொண்டு நிற்கிற ஒருவரை மட்டும் தனியாக வெட்டி எடுக்கச் சொல்வார்கள். தோளில் கிடக்கும் அடுத்தவர் கையை அழிக்க வேண்டும், பின்னால் நீல நிறம் வைக்க வேண்டும். பாதி முகங்கள் எனக்குத் தெரிந்த முகங்கள். ஊரடங்கு எல்லாம் முடிந்த பிறகும் அந்த வேலை என் கையை விட்டுப் போகவில்லை. ஒரு நாள் கணவரிடம், "இனிமே என்னால மனுசங்கள வெட்டி ஒட்ட முடியாதுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் அந்த வேலையை வெளியில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்.

ஆனையூரில் எங்கள் வீடு. காலையில் ஸ்கூட்டரில் கடைக்கு வரும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கு. மழைக்காலத்தில் அதன் விளக்குகளுக்கு ராத்திரி முழுக்கப் பூச்சிகள் வந்து விழுந்து கிடக்கும். காலையில் விளக்குமாற்றால் கூட்டி ஓரமாகக் குவித்திருப்பார்கள். ஒரு நாள் கணவர் பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்க, நான் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உச்சியில் ஒரு பச்சைப் பூச்சி கிடந்தது. பளிங்குத் தரையில் ஓடும் கோடுகளைப் போல அதன் இறக்கையில் வெள்ளையும் ரோஸும் ஓடின. அரளிச் செடியில் வளர்கிற பூச்சி என்று பிறகு தெரிந்துகொண்டேன். சாப்பாட்டு டப்பா மூடியில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்து, மிச்சப்பட்ட ஒரு சின்னச் சட்டத்துக்குள் வைத்தேன். யாருக்கும் மாலை போட வேண்டாத ஒரு படம். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கப் பிடித்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு வீடியோக்களைப் பார்த்து முறையாகச் செய்யக் கற்றுக்கொண்டேன். செத்த பூச்சி விறைத்துப் போயிருக்கும். ஈரத்துணி போட்ட டப்பாவில் மூடி வைத்தால் மெதுவாக இளகும். தெர்மாகோலில் ஒரு பள்ளம் வெட்டி உடம்பை அதில் வைத்து, இறக்கைகளை விரித்து, மேலே மெல்லிய தாளை வைத்துச் சுற்றிலும் குண்டூசி குத்த வேண்டும். இறக்கையில் ஊசி படக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு சட்டத்துக்குள் வைக்கலாம். மூலையில் ஒரு துண்டு அந்துருண்டை ஒளித்து வைப்பேன். அந்துப்பூச்சியை விரட்டுகிற உருண்டையை அந்துப்பூச்சிக்கே காவல் வைக்கிறேன் என்று கணவர் சிரிப்பார். சட்டத்துக்கு மரமும் புதிது இல்லை. இடித்த வீடுகளின் ஜன்னல் கட்டைகளைப் பழைய மரக்கடையில் வாங்கி அவர் இழைத்துத் தருவார்.

ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். தானாகச் செத்ததைத்தான் எடுப்பது. கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். "உசுரோட புடிச்சுக் கொல்லுவீங்களோ?" இல்லை என்று சொன்னதும் முகம் தெளிந்துவிடும். இயற்கைக்குக் கெடுதல் இல்லாத அலங்காரம் என்று புதுவீட்டுக்காரர்களும் காபி கடைக்காரர்களும் வாங்கிப் போனார்கள். எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் இருக்கும் சார், வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்த முதல் பச்சைப் பூச்சியை வாங்கிக்கொண்டு போய் ஹாலில் டிவிக்கு மேலே மாட்டினார். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அதைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்வார்.

அந்த அம்மா வந்தது, ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு முற்பகல். அறுபதை ஒட்டிய வயது. வெறும் நெற்றி. இரண்டு கையாலும் ஓர் எவர்சில்வர் சம்படத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தது.

"எங்க வீட்டுக்காரர் போட்டோ இங்கனதான் போட்டோம் தாயி. பின்னாடி ஒங்க கடைப் பேரு ஒட்டியிருக்கு. நீங்க பூச்சிய வச்சுப் பிரேம் போடுறீகளாமே?"

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் சம்படத்தைத் திறந்தார். உள்ளே கிழித்த வேட்டித் துணி. அதன் மேல் ஒரு பூச்சி. அவ்வளவு பெரியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விரித்த இரண்டு உள்ளங்கை அளவு இருந்தது. தேன் நிறம். நான்கு இறக்கையிலும் கண் மாதிரி ஒவ்வொரு வட்டம். அந்தக் கண்ணின் நடுவில் மட்டும் நிறம் எதுவும் இல்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தது. அதன் வழியே கீழே கிடந்த வேட்டியின் நூல் தெரிந்தது.

"அவருக்கு நேத்துக் கருமாதி. படையல் போட்டு, போட்டோவுக்கு மாலையப் போடுறோம், எங்கிட்டுருந்தோ வந்து போட்டோவுல அவரு தோள் மேலயே உக்காந்துருச்சு. சூடம் காட்டுறோம், அசையல. அம்புட்டுச் சனமும் பாத்துச்சு."

"அழகா இருக்கும்மா" என்றேன்.

"இத எனக்குப் பிரேம் போட்டுத் தரணும். அவரு படத்துக்குப் பக்கத்துல மாட்டிக்கிருவேன்." கொஞ்சம் தயங்கினார். "நீங்க எப்பிடிச் செய்வீகளோ செய்ங்க தாயி. வலிக்காம செய்ங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூச்சி உயிரோடு இருந்தது. முன்கால் ஒன்றைத் தூக்கி மெல்ல வேறு இடத்தில் வைத்தது.

உயிரோடு இருப்பதை நான் தொட மாட்டேன் என்றேன். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. அவரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்ற அவசரத்தில், எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். எங்களிடம் சட்டம் வாங்க வந்த ஒரு கல்லூரிப் பேராசிரியர், இந்த மாதிரிப் பட்டுப்பூச்சி வகைகளைப் பற்றி ஒருமுறை சொல்லியிருந்தார். அதை அப்படியே ஒப்பித்தேன். "இதுக்கு ஆயுசே கொஞ்ச நாள்தாம்மா. புழுவா இருக்கப்ப தின்னதோட சரி. இறக்க மொளச்சதுக்கப்பறம் சாப்பிடாது. இதுக்கு வாயே கிடையாது."

அவர் என்னைப் பார்த்தார். "வாய் இல்லயா?"

"இல்லம்மா."

"வாயே இல்லயா?"

சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. என் கணவர் ரம்பத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா தானாகவே சொன்னார். அவர் கணவர் கிணற்று மோட்டார் மெக்கானிக். சமயநல்லூர் தாண்டி அந்தப் பக்கத்து ஊர்களில் எந்தத் தோட்டத்தில் மோட்டார் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். வாயில் எந்நேரமும் புகையிலை அடக்கியிருப்பார். வாயிலேயே புற்று வந்தது. தாடையை எடுத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அதிலிருந்து உயிர் போகிற வரைக்கும் அந்த மனுஷன் ஒரு சொல் பேசவில்லை, ஒரு வாய் சாப்பிடவில்லை.

"நான்தான் குழாயில கஞ்சி ஊத்துனேன். அப்ப இது அவருதான தாயி? அவரேதான?"

அந்த வாய் விஷயத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். போட்டோவில் வந்து உட்கார்ந்த பூச்சி என்ற அளவில் அது நின்றிருக்கும். நான்தான் அதை மனுஷனாக்கினேன்.

வீட்டில் பல்லி நிறைய, தின்றுவிடும், இங்கேயே இருக்கட்டும், முடிந்ததும் பிரேம் போடுங்கள் என்றார். சரி என்றோம். கடைக்குப் பின்னால் நான் ஊசி குத்துகிற சின்ன அறை இருக்கிறது. அங்கே மேஜையில் வேட்டித் துணியோடு பூச்சியை வைத்து, சாப்பாடு மூடுகிற கொசுவலைக் கூடையால் மூடினேன். அவர் வலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், "நாளைக்கு வாரேன்" என்றார். என்னிடம் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

மறுநாள் சொன்னபடி வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். காலை வேலையை முடித்துவிட்டு டவுன் பஸ் ஏறி வருவார். மேஜைக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வலையையே பார்ப்பார். நான் பக்கத்தில் என் வேலையைச் செய்துகொண்டிருப்பேன். முதலில் வெளியே போய்விடப் பார்த்தேன். "நீ இரு தாயி. நீ பாட்டுக்கு வேலையப் பாரு" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

முதல் நாள் வீட்டுச் சேதிதான் பேசினார். எருமை கன்று போட்டுவிட்டது, கிடாரிக் கன்று. மேலத்தோட்டத்துக்காரர் மோட்டார் ரிப்பேருக்கு வேறு ஆளைக் கூட்டி வந்தார், அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "நீங்க இருந்திருந்தா ஒரு நிமிசத்துல முடிச்சிருப்பீங்க. அந்தப் பய மத்தியானம் வரைக்கும் கழட்டி மாட்டுறான்." பூச்சி அசையாமல் உட்கார்ந்திருக்கும். அவர் நடுவில் நிறுத்தி, பதிலுக்குக் காத்திருப்பது போல இருந்துவிட்டுத் தொடர்வார்.

இப்படிக் கணவனும் மனைவியும் நன்றாகப் பேசிப் பழகியவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் அவர் பேச்சில் 'நீங்க' மறைந்து 'நீ' வந்தது. அப்போதுதான் மற்றது தெரிந்தது.

அவருக்கு ஒரே அண்ணன். மகள் காதுகுத்தில் தாய்மாமன் சீரைச் சபையில் வைத்து ஏதோ குறை சொல்லிவிட்டார் கணவர். அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அதோடு போக்குவரத்து அறுந்தது. வருஷங்கள் கழித்து அண்ணன் மாரடைப்பில் இறந்துபோன சேதி வந்தபோது, கணவர் வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"வாசல்ல நின்னுட்ட நீ. நகரவே இல்ல. பக்கத்தூருதான, நடந்தே போயிருவேன். எங்கண்ணன் மொகத்த நான் பாக்கல. கொட்டுச் சத்தம் இங்க கேட்டுச்சு. நீ அசையல." குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு நிறுத்துனேன் ஒங்கிட்டப் பேச்ச. சோறு வச்சேன், துணி தொவச்சேன், பேசல. பிள்ளைகள வச்சுத்தான் அம்புட்டும் சொன்னேன். நீயாவது ஒருவாட்டி என்னடீன்னு கேட்டிருக்கலாம்ல? பெறகு ஒனக்கு வாய் போச்சு. வாய் போன மனுசன்கிட்ட என்னத்தப் பேசுறதுன்னு கஞ்சிய மட்டும் ஊத்துனேன். குழாயப் புடிச்சுக்கிட்டு என்னையவே பாப்ப. நான் கஞ்சியப் பாப்பேன்."

நான் கையில் எடுத்த குண்டூசியை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். மூச்சு விட்டால்கூடப் பேச்சை நிறுத்திவிடுவாரோ என்று இருந்தது.

"என்னைய ஊருல வாயில்லாப் பூச்சிம்பாக. இல்ல. எனக்கு வாய் இருந்துச்சு. இருந்துக்கிட்டே பேசல."

அன்று போகும்போது முகம் கழுவத் தண்ணீர் கேட்டு வாங்கினார். முந்தானையால் துடைத்துக்கொண்டு, "நாளைக்கும் வாரேன். இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார். பஸ் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வந்த நாளைவிட நிமிர்ந்து நடந்தார்.

மறுநாள் காலையில் நான் வலையைத் தூக்கியபோது வேட்டித் துணியில் முட்டைகள் இருந்தன. துவரம்பருப்பை ஒத்த, தட்டையான, பழுப்பு முட்டைகள். வரிசையும் கொத்துமாக ஒட்டியிருந்தன. பூச்சி துணியின் ஓரத்துக்கு நகர்ந்து, அங்கேயும் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தது.

பூச்சியின் தலையில் நீட்டியிருக்கும் மீசையைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்று தெரியும். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பொட்டையா?" என்றார். பிறகு மெதுவாக, "சொல்லாத. துணிய மாத்திரு. அந்தம்மா பேசி முடிக்கட்டும்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் பூச்சியின் காலைத் துணியிலிருந்து பிரிக்க முடியவில்லை. அது கெட்டியாகப் பிடித்திருந்தது. இழுத்தால் கால் ஒடிந்துவிடும். நான் அதனுடன் போராடிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா அறை வாசலுக்கு வந்துவிட்டார். அன்று காலையிலேயே முதல் பஸ்ஸைப் பிடித்துக் கிளம்பி வந்திருக்கிறார். கையில் ஒரு முழம் மல்லிகை, வாழை இலையில் சுற்றியது.

"இது என்ன தாயி?"

நான் துணியை விட்டுக் கையை எடுத்தேன்.

"முட்டையா?"

"ஆமாம்மா."

குனிந்து வெகுநேரம் பார்த்தார். கிராமத்து அம்மாவுக்கு நான் விளக்க வேண்டியது எதுவும் இல்லை. ஸ்டூலில் உட்காரவில்லை. பூவை மேஜையில் வைத்தார்.

"பொட்டப்பூச்சி."

"ஆமாம்மா, ஆனா..."

"அப்ப நான் பேசுனதெல்லாம்?" என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார். "அம்புட்டையும் யாருகிட்டத் தாயி பேசுனேன்?"

என்கிட்டப் பேசினீங்கம்மா, நான் கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் அப்போது என் வாயில் வரவே இல்லை. வேறு என்னென்னவோ தோன்றியது. ஆன்மாவுக்கு ஆண் என்ன பெண் என்ன என்று சாமியார் மாதிரி ஏதாவது சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அந்த முகத்துக்கு முன்னால் எல்லாமே பொய்யாகத் தெரிந்தது. அவர் சம்படத்தை எடுத்துக்கொண்டார். என் கணவரிடம், "வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பின்னால் ஓடிப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். சந்து முனை வரை போனேன். பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை.

மறுநாள் வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. இரண்டொரு நாளில் பூச்சி இறந்துபோனது. துணியின் மேலேயே இறக்கையை விரித்தபடி கிடந்தது. ஊசி குத்தி விரிக்க எனக்கு வேலையே வைக்கவில்லை. கணவர் நல்ல தேக்கு ஜன்னல் கட்டை ஒன்றை எடுத்து இழைத்து, அவருடைய வாழ்நாளில் செய்த சட்டங்களிலேயே நல்லதாக ஒன்றைச் செய்தார். மெக்கானிக் படத்துக்குப் போட்ட அதே அளவு.

முட்டைகளை ஆனையூருக்குக் கொண்டுவந்தேன். பொரியாது என்றுதான் நினைத்தேன். ஒரு காலையில் துணி முழுக்கக் கடுகளவு கறுப்புத் தலைகளோடு புழுக்கள் நெளிந்தன. போனில் அந்தப் பேராசிரியரைக் கேட்டேன். வாதாம் இலை தின்னும் என்றார். எங்கள் தெரு முனையில் ஒரு நாட்டு வாதாம் மரம் இருக்கிறது, எல்லாரும் அதன் நிழலில்தான் வண்டியை நிறுத்துவார்கள். தாழ்ந்த கிளை ஒன்றில் துணியைக் கட்டிவிட்டேன். பாதியைக் காக்கையும் கரிச்சானும் கொத்திக்கொண்டு போயின. மிஞ்சியவை நன்றாக வளர்ந்தன. விரல் பருமன், இளம்பச்சை, பக்கத்தில் வெள்ளிப் பொட்டுகள். தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். கூடு கட்டியதும் அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். காட்டி என்ன சொல்வேன் என்று யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மரத்தடியில் மருந்து நெடி அடித்தது. புழுக்கள் சுருண்டு ரோட்டில் கிடந்தன. ஒரு கார் ஏற்கெனவே அவற்றின் மேல் ஏறிப் போயிருந்தது. எதிர் வீட்டு சார் கையில் மருந்தடிக்கும் டப்பாவோடு, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நின்றார்.

"கம்பளிப்பூச்சிமா. பிள்ளைங்க மேல விழுந்தா அரிச்சு எடுத்துரும். நல்லவேளை நான் பாத்தேன்."

இது அரிக்கிற புழு இல்லை சார், பட்டுப்பூச்சி என்றேன். உங்கள் ஹாலில் மாட்டியிருப்பதும் ஒரு காலத்தில் இப்படி ஒரு புழுதான் என்றேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அப்பிடியா? சொல்லியிருக்கலாமேம்மா. ஒரு போர்டு எழுதி வச்சிருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்குமே." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பேரப்பிள்ளைகள் விளையாடுகிற மரம். இறக்கை முளைத்துச் செத்த பிறகு எல்லாருக்கும் பிடிக்கிறது. அதற்கு முந்தி அது என்னவாக இருந்தது என்று நான் விற்ற எந்தச் சட்டத்திலும் சொன்னதில்லை.

தை பிறந்த பிறகு சட்டத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி அந்த அம்மாவின் ஊருக்குப் போனேன். மோட்டார் மெக்கானிக் வீடு என்று கேட்டதும் காட்டினார்கள். அவர் எருமைக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா தாயி, வெயில்ல வந்திருக்கியே" என்று உள்ளே கூட்டிப்போய் ஃபேன் போட்டார். காபி போட்டார். சுவரில் கணவர் படம், நாங்கள் போட்டது. பிளாஸ்டிக் மாலையும் சின்னச் சிவப்பு பல்பும் இருந்தன. பக்கத்தில் ஒரு சட்டம் மாட்டுகிற அளவு காலியாக இருந்தது.

நான் தாளைப் பிரித்து மடியில் வைத்துக் காட்டினேன். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"அழகா செஞ்சிருக்கீக. உசுரோட இருக்க மாதிரியே இருக்கு." பிறகு தாளை எடுத்துப் பழையபடி சுற்ற ஆரம்பித்தார். "நீயே வச்சுக்க தாயி. இங்க மாட்டுனா நான் அங்கன வந்து ஒளறுனதுதான் நெனப்பு வரும்."

அப்போது சொன்னேன். "நீங்க அன்னிக்கு யாருகிட்டப் பேசுனேன்னு கேட்டீங்க. எங்கிட்டப் பேசுனீங்கம்மா. நான் ஒண்ணு விடாமக் கேட்டேன்."

அவர் கை ஒரு கணம் நின்றது. என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"தெரியும் தாயி. நீ எடுத்த ஊசியக்கூடக் குத்தாம உக்காந்திருந்தத நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். நல்ல பிள்ள நீ. ஆனா ஒங்கிட்டச் சொல்லணும்னு நான் பஸ் ஏறி வரலயே."

அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. எருமைப் பால் எவ்வளவு கறக்கிறது, மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் எப்படி இருக்கிறாள் என்று பேசினோம். புழுக்கள் பொரிந்த கதையையும் மருந்தடித்த கதையையும் நான் சொல்லவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார். பஸ் வந்ததும், "பாத்துப் போ. இறங்குனதும் நேரா வீட்டுக்குப் போயிரு" என்று தன் மகளை அனுப்புவது போலச் சொன்னார். படியில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

அந்தச் சட்டத்தைக் கணவர் கடையில் மாட்டினார். வருகிறவர்களெல்லாம் அதன் விலையைக் கேட்டார்கள். விற்பதற்கு இல்லை என்று சொல்லிச் சலித்துப் போய், வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவுக்கு மேலே வைத்துவிட்டோம். பூச்சி வேலையை நான் விட்டுவிடவில்லை. வாங்குகிறவர்களிடம் இப்போது இந்தப் பூச்சி எந்த மரத்தில் வளரும், அதன் புழு எப்படி இருக்கும், அது ஒன்றும் செய்யாது என்று சொல்கிறேன். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்.

இன்னொரு முறை போக வேண்டும் என்று இருந்தேன். கல்யாண சீசன் வந்தது, அதன்பின் கணவருக்குக் கை எலும்பு முறிந்தது, கடை முழுக்க என் தலையில் விழுந்தது. போன ஆவணியில் அந்தப் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போனபோது இறங்கி நடந்தேன். வீடு பூட்டியிருந்தது. கொட்டகையில் எருமை இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் குடத்தோடு நின்று, யார் என்று என்னை விசாரித்துவிட்டுச் சொன்னார்.

"மக வந்து திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருச்சுக்கா. இங்க ஒத்தையில கெடக்க வேணாம்னு. அங்கன போயும் யாருகூடயும் ஒரு பேச்சு இல்லயாம். பேரன் பேத்திக கூப்பிட்டாச் சிரிக்குமாம், அம்புட்டுத்தான்."

மகளின் போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே போய்த் தேடிவிட்டு வந்து, பழைய போனில் இருந்தது, அது தண்ணீரில் விழுந்துவிட்டது என்றார். வளைகாப்புக்கு நேரமாகிவிட்டது. வளையல் பையைக் கை மாற்றிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தேன்.